தினம் ஒரு ஊசி, இரண்டு வருடம்: அம்மாவின் எலும்புக்கு இது சரிதானா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. நிலக்கோட்டையில் இருக்கிறோம். மூன்று மாதத்துக்கு முன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் 'மளுக்'கென்று ஒரு வலி. எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் எலும்பு அமுங்கியிருப்பது தெரிந்தது. அதில் ஒன்று பழையதாம். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.6. டெரிபாராடைட் என்ற ஊசியைத் தினமும் ஒன்று, 2 வருடம் போட வேண்டும் என்றார் டாக்டர். ஆரம்பித்து 5 வாரம் ஆகிறது. காலையில் ஊசி போட்ட அரை மணியில் தலை சுற்றுகிறது. இப்போது சில நாட்களாகக் குமட்டல், மலச்சிக்கல், சாப்பாடும் பிடிக்கவில்லை. கால்சியம் மாத்திரை, பாலில் கலந்து குடிக்கும் வைட்டமின் பவுடர் பாக்கெட் எல்லாம் தினமும் தவறாமல் கொடுத்து வருகிறேன். 'ஹார்மோன் ஊசி போட்டால் கேன்சர் வரும், நிறுத்து' என்கிறான் தம்பி. மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அப்பாவுக்கு இன்சுலின் போடும் சிரிஞ்சிலேயே இந்த மருந்தையும் உறிஞ்சிப் போட்டால் நீடில் செலவாவது மிச்சமாகுமா? முதுகுவலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஆறு மாதத்தோடு நிறுத்திவிடலாமா? அம்மா பூக்கட்டுகிறவர். மறுபடி எப்போது உட்காரலாம் என்று தினமும் கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். பாலில் கலந்து தினமும் கொடுக்கும் அந்தப் பவுடர் பாக்கெட்டை இப்போதே எடுத்து, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கோலிகால்சிஃபெரால் (வைட்டமின் டி3) 60,000 யூனிட் என்று இருந்தால், அது தினமும் கொடுக்க வேண்டிய மருந்து அல்ல. சில வாரங்களுக்கு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று, இப்படித்தான் பெரும்பாலும் எழுதிக் கொடுப்போம். தினம் ஒன்று வீதம் 5 வாரம் என்றால் 35 பாக்கெட், அதாவது 21 லட்சம் யூனிட். வாரம் ஒன்று கொடுத்திருந்தால் இதே காலத்தில் 3 லட்சம்தான் போயிருக்கும்.

உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். அக்கறையாக, ஒரு வேளை விடாமல் மருந்து கொடுக்கிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். சீட்டில் எழுதியது புரியாமல் இருக்கும், மருந்துக்கடையிலும் அவசரத்தில் சொல்லாமல் விட்டிருப்பார்கள். பார்ப்பதற்கு அது சத்துப் பவுடர் மாதிரிதான் இருக்கும், யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆனால் இது விளையாட்டான விஷயம் இல்லை. வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். கால்சியம் மாத்திரை தன் பங்குக்கு ஏற்றும். டெரிபாராடைட்டும் ஊசி போட்ட சில மணி நேரத்துக்குக் கால்சியத்தைக் கொஞ்சம் உயர்த்தும் மருந்துதான். மூன்றும் ஒன்றாகச் சேரும்போது என்ன வருமோ அதைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: குமட்டல், மலச்சிக்கல், பசியின்மை. அம்மாவுக்குத் தாகம் அதிகமா, அடிக்கடி சிறுநீர் போகிறாரா, வழக்கத்தைவிடச் சோர்ந்து படுக்கிறாரா என்றும் கவனியுங்கள். இவையும் அதே பட்டியலில் வருபவை.

ஆகவே பாக்கெட் 60,000 யூனிட் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். மருந்து எழுதிய டாக்டரைப் போனில் பிடித்து, தினமும் கொடுத்த விஷயத்தையும் இந்த அறிகுறிகளையும் சொல்லுங்கள். கால்சியம், ஆல்புமின், கிரியாட்டினின், 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகிய நான்கையும் ரத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அந்த முடிவு வந்து அவர் 'போடலாம்' என்று சொல்லும்வரை ஊசியும் கால்சியம் மாத்திரையும் காத்திருக்கட்டும். சில நாள் ஊசி விட்டுப்போவதால் எந்த நஷ்டமும் இல்லை. வைட்டமின் டி உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும் பொருள், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் அதன் வேலை தொடரும். அதனால் ஒரு முறை பார்த்ததோடு விடாமல், டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பார்க்க வேண்டும். இதற்கிடையில் அம்மா குழப்பமாகப் பேசினாலோ, எழுப்பினால் சரியாக எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, போனுக்குக் காத்திருக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

பாக்கெட்டில் 60,000 இல்லை, தினமும் கொடுக்கும் சிறிய அளவுதான் என்றாலும் கால்சியத்தை ஒருமுறை பார்த்துவிடுவதே நல்லது. குமட்டலும் மலச்சிக்கலும் கால்சியம் மாத்திரையால் மட்டும்கூட வரலாம். ஊகித்துக்கொண்டு இருப்பதைவிட ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

சரி, இனி ஊசிக்கு வருவோம். உங்கள் அம்மாவுக்கு இந்த மருந்து தேவைதானா என்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கையில் டாக்டரின் முடிவு எனக்கு நியாயமாகவே படுகிறது. டி-ஸ்கோர் என்பது எலும்பு அடர்த்தியை இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண். அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்). அதோடு குடம் தூக்கியதற்கே எலும்பு அமுங்கியிருக்கிறது என்றால் கடுமையான எலும்புப்புரை. அவருக்கு மைனஸ் 3.6, இரண்டு முறிவு. இப்படி ஒரு முறிவு வந்தவருக்கு, முக்கியமாக அதற்கடுத்த ஒன்றிரண்டு வருடத்தில், இன்னொன்று வரும் வாய்ப்பு மிக அதிகம். முதுகெலும்பு ஒவ்வொன்றாக அமுங்க அமுங்க ஆள் குள்ளமாகி, கூன் விழுந்து, வயிறு மடிந்து, மூச்சு விடுவதுகூடச் சிரமமாகும். நம் ஊரில் இதை வயசானால் வருவது என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு, ஏனென்றால் இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

எலும்புக்கான மருந்துகளில் பெரும்பாலானவை எலும்பு கரைவதைத் தடுப்பவை. டெரிபாராடைட் புது எலும்பைக் கட்ட வைப்பது. 2001இல் வெளிவந்த முக்கியமான ஆய்வில், மாதவிடாய் நின்ற, ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த 1,637 பெண்களைப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது. தினமும் 20 மைக்ரோகிராம் டெரிபாராடைட் போட்டவர்களில் அது நூற்றுக்கு 5 பேர்தான். இடுப்பு எலும்பைப் பொறுத்தவரை இந்த ஊசிக்கு இவ்வளவு அழுத்தமான சான்று கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுகெலும்புக்குத்தான் இது பெரிய பலம், உங்கள் அம்மாவுக்கு உடைந்திருப்பதும் அங்கேதான்.

உங்கள் தம்பியின் பயத்துக்கு வருகிறேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில், ஹார்மோன் என்றதும் கருத்தடை மாத்திரை, மாதவிடாய் நின்ற பிறகு கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் இவைதான் பலருக்கு நினைவு வருகின்றன. இது அந்த வகை அல்ல. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அவை சுரக்கும் ஹார்மோன் 84 அமினோ அமிலங்களாலான ஒரு சங்கிலி. அதில் முதல் 34ஐ மட்டும் ஆய்வகத்தில் செய்து எடுத்ததுதான் டெரிபாராடைட்.

இந்தச் சுரப்பி நாள் முழுவதும் அதிகமாகச் சுரந்துகொண்டே இருந்தால் எலும்பு கரையும். அது ஒரு தனி நோய். ஆனால் அதே ஹார்மோன் நாளுக்கு ஒரு தடவை சட்டென்று ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால், எலும்பைக் கட்டும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. மல்லிகைத் தோட்டம் உங்கள் பக்கம் இல்லாத இடமில்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் செடி தழைக்கும், தேங்கி நின்றால் வேர் அழுகும். அதே மாதிரிதான் இதுவும். எலிகளுக்குப் பாராதைராய்டுச் சாற்றைக் கொடுத்தபோது புது எலும்பு உருவாவதை ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1932லேயே எழுதிவிட்டார். அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற 2002 ஆனது. 'தினமும் எதற்கு, வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துப் போடக்கூடாதா' என்று கேட்பவர்களுக்கும் இந்த ஏறி இறங்கும் கணக்குதான் பதில். ஒரு நாள் விட்டுப்போனால் அன்றைக்குள் நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

புற்றுநோய்ப் பயம் எலிகளிடமிருந்து வந்தது. சின்ன வயதிலிருந்து ஏறக்குறைய ஆயுள் முழுவதும் அதிக அளவில் இந்த மருந்தைக் கொடுத்த எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்தது. அதனால் 2002இல் மருந்தை அனுமதித்தபோதே கட்டம் கட்டிய கடுமையான எச்சரிக்கையோடுதான் அனுமதித்தார்கள். 2 வருடம் என்ற எல்லையும் இந்தக் கவலையோடு வந்ததே. பிறகு மருந்து போட்ட மனிதர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கண்காணித்ததில், சாதாரண மக்களைவிட அவர்களுக்கு அந்தப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டது. நம் ஊரில் 2 வருடக் கணக்கையே பெரும்பாலான மருத்துவர்கள் பின்பற்றுகிறோம், அம்மாவுக்கும் அதுவே போதும். தம்பியிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், அவர் கேட்டது தவறான கேள்வி அல்ல.

ஆனால் எல்லாருக்கும் இந்த ஊசி ஆகாது. ஆரம்பிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு, அவற்றை அம்மாவிடம் இன்று மறுபடியும் கேளுங்கள். எப்போதாவது எந்தக் கட்டிக்காவது 'கரண்ட்' வைத்தார்களா? கதிர்வீச்சு சிகிச்சையை நம் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், 'ரேடியேஷன் எடுத்தீர்களா' என்று டாக்டர் கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, எழுந்து கதவுவரை போய்த் திரும்பி, 'கர்ப்பப்பைக்குக் கரண்ட் வைச்சது சேருமாம்மா?' என்று கேட்டார். சேரும். எலும்பின் மேல் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில்லை. அன்றிலிருந்து நான் 'கரண்ட்' என்றே கேட்கிறேன்.

எலும்பில் புற்றுநோய் இருந்தவர்கள், வேறு இடத்துப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்கள், பேஜெட் நோய் (எலும்பு தாறுமாறாக வளரும் நோய்) உள்ளவர்கள், காரணம் தெரியாமல் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறியிருப்பவர்கள், ஏற்கெனவே கால்சியம் அதிகமாக இருப்பவர்கள், பாராதைராய்டு அதிகம் சுரப்பவர்கள், எலும்பு இன்னும் வளரும் வயதிலுள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள் ஆகியோருக்கும் இது வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், கால்சியம் ஏறினால் அந்த மாத்திரை விஷமாக மாறக்கூடும்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். அம்மா மூட்டுவலிக்கோ உடம்புவலிக்கோ மருந்துக்கடையில் 'செட் மாத்திரை' வாங்கிச் சாப்பிடும் பழக்கம் உள்ளவரா? பூக்கட்டுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள் என்று குனிந்தே வேலை பார்க்கும் பெண்களிடம் இந்தப் பழக்கத்தை நிறையப் பார்க்கிறேன். பேர் தெரியாமல் காகிதத்தில் மடித்துத் தரும் அந்த மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும். ஒருபுறம் ஊசியால் கட்டிக்கொண்டு மறுபுறம் இதை விழுங்கினால் என்ன பயன்? அப்படிச் சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

தலைசுற்றலைப் பற்றி. இந்த ஊசி போட்ட 4 மணி நேரத்துக்குள், எழுந்து நிற்கும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். பெரும்பாலும் முதல் சில ஊசிகளோடு சரியாகிவிடும். 5 வாரம் ஆகியும் தொடர்வது, நான் மேலே சொன்ன கால்சியக் காரணத்தையும் சேர்த்து யோசிக்க வைக்கிறது. கால்சியம் ஏறினால் சிறுநீர் அதிகம் போய் உடம்பில் நீர் வற்றும், நீர் வற்றினால் அழுத்தம் இன்னும் இறங்கும். டாக்டர் ஊசியைத் தொடரச் சொன்னால், போடும்போது உட்கார்ந்தோ படுத்தோ இருக்கட்டும், போட்டு முடித்து அரை மணிக்கு எழ வேண்டாம். எழும்போதும் முதலில் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பிரஷர் மாத்திரையும் ஊசியும் ஒரே நேரத்தில் போகிறதென்றால், நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். எலும்பு பலவீனமானவர் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தார் என்றால், எந்த முறிவைத் தடுக்க ஊசி போட்டோமோ அதுவே வந்துவிடும்.

நேரத்தை மாற்றுவதென்றால், பலர் தூங்கும் முன் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வயதானவர்கள் இரவு 11 மணிக்கும் 1 மணிக்கும் சிறுநீருக்கு எழுகிறார்கள், இருட்டில், தூக்கக் கலக்கத்தில். மாலை 6 மணி வாக்கில் போட்டுவிட்டு டிவி முன் உட்கார்ந்திருந்தால், தூங்கப் போகும்போது ஆபத்தான நேரம் தாண்டியிருக்கும். எந்த நேரமாயினும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். ஊசிக்குப் பின் 4 முதல் 6 மணி நேரத்தில் ரத்தக் கால்சியம் உச்சத்துக்குப் போய் இறங்கும். அதனால் வழக்கமான கால்சியம் பரிசோதனைக்கு, கடைசி ஊசி போட்டு குறைந்தது 16 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். மாலை 6 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை 10 மணிக்கு முன் எடுத்த ரத்தம் கணக்கில் சேராது. காலையில் போடுகிறவர்கள் அன்றைய ஊசிக்கு முன் எடுத்துவிடலாம். இப்போது அறிகுறியோடு இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம். உடனே எடுங்கள், கடைசி ஊசி எப்போது என்பதை மட்டும் சீட்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது, அப்பாவின் இன்சுலின் சிரிஞ்சு. வேண்டவே வேண்டாம். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு மில்லியில் 250 மைக்ரோகிராம் உள்ள டெரிபாராடைட்டில் ஒரு நாள் அளவான 20 மைக்ரோகிராம் என்பது 0.08 மில்லி, ஒரு சொட்டு அளவு. நம் ஊரில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை உண்டு, ஒரு மில்லியை 100 யூனிட்டாகப் பிரித்த யு-100, 40 யூனிட்டாகப் பிரித்த யு-40. யு-100 சிரிஞ்சில் 8ஆம் கோடு என்றால் 0.08 மில்லி, சரியாக வரும். குப்பி இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இருப்பது யு-40. அதில் அதே 8ஆம் கோடுவரை உறிஞ்சினால் 0.2 மில்லி, அதாவது 50 மைக்ரோகிராம், இரண்டரை மடங்கு. இந்த மருந்து பெரும்பாலும் பேனா வடிவ ஊசிக் கருவியில் அடைத்து வரும்; அந்தப் பேனாவிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். பேனா ஒவ்வொரு முறையும் சரியான அளவை மட்டுமே வெளியே விடும்படி செய்யப்பட்டது. ஒருவேளை உங்களுக்குப் பேனாவே இல்லாமல் குப்பியாகக் கொடுத்திருந்தால், எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு என்பதை டாக்டரோ நர்ஸோ உங்கள் கண்முன் ஒருமுறை செய்து காட்ட வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு ஊசி இருப்பதால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். அப்பாவின் இன்சுலின் தவறி அம்மாவுக்குப் போனால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அம்மாவின் மருந்தை ஒரு தனி டப்பாவில், வேறு தட்டில் வையுங்கள். பேனாவில் சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றிவிடுங்கள். போடுவதற்கு முன் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் பேனாவை இன்னொருவர் உபயோகிக்கவே கூடாது, நீடிலை மாற்றினாலும் கூடாது.

பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஃப்ரீசரிலோ, ஃப்ரீசரை ஒட்டியோ வைக்கக்கூடாது, உறைந்துபோனால் அது வீண். வெளியூர் போகும்போது ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம், ஐஸ் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி. மின்சாரம் நீண்ட நேரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். முதல் ஊசி போட்ட தேதியைப் பேனாவிலேயே எழுதி வையுங்கள், 28 நாள் கழிந்தால் உள்ளே மருந்து மிச்சமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராது, தெரிகிறது. ஆனாலும் எறியத்தான் வேண்டும். மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடாதீர்கள்.

போடும் இடம் தொடை அல்லது வயிறு, தொப்புளை விட்டு இரண்டு விரல் தள்ளி. தினமும் கொஞ்சம் இடம் மாற்றுங்கள். நீடில் ஒவ்வொரு முறையும் புதிது, போட்டதும் கழற்றிவிட வேண்டும், மாட்டியே வைத்தால் காற்றுக் குமிழி சேரும், மருந்து கசியும். மருந்தை உள்ளே அழுத்தியதும் நீடிலை உடனே இழுக்காமல் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பழைய நீடில்களைக் குப்பையில் போடாமல், தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி போட்டுச் சேர்த்து, ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ கொடுங்கள். குப்பை அள்ள வரும் பெண்களின் கையில் அது குத்தக்கூடாது.

இனி, நீங்கள் மிகவும் தயங்கிக் கேட்ட கேள்வி: ஆறு மாதத்தோடு நிறுத்தலாமா? வலி குறைந்ததை வைத்து எலும்பு தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முறிந்த இடம் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே வலி அடங்கும், ஊசி போடாவிட்டாலும் அடங்கும். எலும்பு கூடியிருக்கிறதா என்பது ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்கும் அடர்த்தி ஸ்கேனில்தான் தெரியும்.

இந்த மருந்தைப் பற்றி எல்லாரிடமும் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ஊசியை நிறுத்திவிட்டு அடுத்த மருந்து எதுவும் எடுக்காமல் விட்டால், கட்டிய எலும்பு மெல்லக் கரைந்துபோகும். வீடு கட்டும்போது தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம் அல்லவா, அதைச் செய்யாமல் விட்டால் போட்ட சிமெண்டுக் காசு என்ன ஆகும்? 2 வருட ஊசி முடிந்த கையோடு, இடைவெளி விடாமல், எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து ஒன்றை ஆரம்பித்தே ஆக வேண்டும். வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரானிக் ஆசிட், வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடியில் போடும் டெனோசுமாப் ஆகியவை அந்த வகை. 2 வருடம் சிரமப்பட்டு ஊசி போட்டு முடித்து, 'கோர்ஸ் முடிந்தது' என்று நிம்மதியாக வீட்டில் இருந்துவிட்டு, மூன்றாவது வருடம் புது முறிவோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் அடுத்த மருந்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. அதனால்தான் ஊசி ஆரம்பிக்கும் நாளிலேயே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றில் டெனோசுமாப் மட்டும் ஒரு பிடிவாதமான மருந்து. ஆறு மாதத் தவணை தள்ளிப்போனாலோ, மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ, எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியக்கூடும். தவறாமல் போக முடியும் என்றால் மட்டும் அதை எடுங்கள். அம்மாவுக்கு முன்பே டெனோசுமாப் போட்டிருந்தால் அதையும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும், அதிலிருந்து டெரிபாராடைட்டுக்கு மாறும்போது இடுப்பு எலும்பின் அடர்த்தி கொஞ்ச காலம் குறையும்.

பணத்தைப் பற்றி டாக்டரிடம் பேசக் கூச்சப்படாதீர்கள். இந்த மருந்தை நம் நாட்டிலேயே பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன, விலையில் வித்தியாசம் உண்டு. அவரே குறைந்த விலையில் நம்பகமான ஒன்றை எழுதித் தரலாம். 2 வருடம் முடியாது, ஆறு மாதமோ ஒரு வருடமோதான் முடியும் என்றால் அதை இப்போதே சொல்லுங்கள். அந்த அளவு போட்டுவிட்டு உடனே ஸோலெட்ரானிக் ஆசிடுக்கு மாற்றுவது, சொல்லாமல் பாதியில் நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். ஊசியே கட்டுப்படியாகாது என்றாலும் அம்மாவைக் கைவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. 2007இல் வெளியான ஆய்வில், வருடம் ஒருமுறை ஸோலெட்ரானிக் ஆசிட் ஏற்றிய பெண்களுக்கு மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும், இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. மாதாமாதம் டெரிபாராடைட் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது மிகக் குறைவு. சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்ய வேண்டும், வைட்டமின் டி போதுமான அளவு இருக்க வேண்டும், பல் பிடுங்குவது இருந்தால் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. முதல் முறை ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

கால்சியத்தைப் பொறுத்தவரை, இப்போதைய பிரச்சினை தீர்ந்த பிறகு, சாப்பாட்டையும் மாத்திரையையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் போதும். இரண்டு டம்ளர் பால் அல்லது மோர், கேழ்வரகுக் கூழோ களியோ, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி, இவற்றிலேயே பெரும்பகுதி வந்துவிடும். மீதிக்கு மட்டும் மாத்திரை. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு இங்கே இல்லை.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், அவர் தினமும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூக்கட்டலாம் என்று சொல்லுங்கள். கால்சியம் சரியாகி, தலைசுற்றல் நின்று, எலும்பு டாக்டர் ஒருமுறை முதுகைப் பார்த்த பிறகு தொடங்கலாம். ஆனால் தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து மணிக்கணக்கில் கட்டிய பழைய முறை வேண்டாம். முன்பக்கம் வளையும்போதுதான் முதுகெலும்பின் முன்பகுதி நசுங்குகிறது. சாய்மானமுள்ள நாற்காலி, நெஞ்சளவு உயரத்தில் ஒரு மேஜை, அதன்மேல் பூவும் நாரும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வரட்டும். பூக்கூடையை வேறு யாராவது மேஜைமேல் தூக்கி வையுங்கள், தண்ணீர்க் குடமும் இனி அவர் இடுப்பில் ஏற வேண்டாம். காலில் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, புதிதாகக் கடுமையான முதுகுவலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தப் பாக்கெட்டின் மேல் என்ன எழுதியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.